மீதிப் பாலம்

காரைக்கால் கடற்கரைச் சாலைக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் போனால் பஹீமாவைப் பார்க்கலாம். பார்க்க முடியாவிட்டாலும் குரலைக் கேட்கலாம். "ரோட்டைப் பாருங்க, சக்கரத்தைப் பாக்காதீங்க! சக்கரம் எங்கயும் ஓடிப் போயிடாது!" என்று அவள் போடும் சத்தம் கலங்கரை விளக்கம் வரைக்கும் எட்டும். கறுப்பு புர்கா, அதற்கு மேல் ஹெல்மெட், காலில் கான்வாஸ் ஷூ. பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுத்தருவது அவள் தொழில். ஊரில் அவளுக்கு 'ஸ்கூட்டி டீச்சர்' என்றே பேர்.

அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கணவன் ரஃபீக் ஷார்ஜாவில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மகள் சின்னவளாக இருந்த காலத்தில் ஆஸ்பத்திரி, ரேஷன், பள்ளிக்கூடம் எதுவானாலும் அண்ணன் ஜெகபர் சாதிக் வண்டி கொண்டுவந்தால்தான் உண்டு. புர்காவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, நானா வருவார் வருவார் என்று பார்த்துக்கொண்டிருப்பதே பஹீமாவுக்குப் பிழைப்பாக இருந்தது. ஒரு நாள் மத்தியானம் முழுக்க அப்படி நின்றாள். அவர் மறந்தே போய்விட்டார் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. மறுநாள், ரஃபீக் லீவில் வந்தால் ஓட்டுவதற்காகப் போர்த்தி வைத்திருந்த ஸ்கூட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

கிளிஞ்சல்மேட்டுப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்த ரோட்டில் தானாகவே ஓட்டிப் பழகினாள். முதல் வாரத்திலேயே, ரோட்டோரம் காயப்போட்டிருந்த கருவாட்டின் மேல் நேராக வண்டியை ஏற்றினாள். கருவாட்டுக்காரி விட்ட ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, நசுங்கியது நசுங்காதது அத்தனையையும் விலைக்கு வாங்கி வந்தாள். அந்த மாதம் பூராவும் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. உம்மா சுல்தான் பீவி திட்டிக்கொண்டே சாப்பிட்டார். அவள் வண்டியில் போய்வருவதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண் எனக்கும் சொல்லிக்கொடு என்றாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. தொழில் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

பயம் என்று ஒன்று அவளுக்கு முதன்முதலில் வந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். சொந்தக்காரப் பெண்ணின் நிக்காஹ். ஒரே தட்டைச் சுற்றி நாலு பேர் உட்காரும் சஹன் சாப்பாடு. பஹீமா பிரியாணியில் கை வைத்தாள். ஒரு காரணமும் இல்லாமல் நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. விரல்கள் மரத்தன. எதிரில் உட்கார்ந்திருந்தவள் பேசுவது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போதவில்லை. மௌத்தாகப் போகிறோம், உயிர் போகிறது என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. வாய்க்குள் கலிமா சொல்லிக்கொண்டே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். "ஒண்ணும் இல்லம்மா, கேஸா இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

கேஸ் என்றால் மார்க்கெட்டில் வெண்டைக்காய் பொறுக்கும்போது ஏன் வருகிறது? அரசலாற்றுப் பாலத்தில் வண்டியில் போகும்போது ஏன் வருகிறது? யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார்கள். ஓதிய தண்ணீர் கொடுத்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். பஹீமா எல்லாவற்றுக்கும் உட்கார்ந்தாள். துஆ கேட்டது மனதுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் கடைத்தெருவில் கால் வைத்தால் மறுபடியும் அதேதான். முதலில் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினாள், பிறகு மார்க்கெட், பிறகு பாலம். வகுப்பு நின்றது. கடைசியில் மாடியில் துணி காயப்போடப் போவதற்குக்கூட உம்மா துணைக்கு வரவேண்டியிருந்தது.

அவளிடம் வண்டி பழகிய நர்ஸ் ஒருத்திதான் ஒரு நாள் வீடு தேடி வந்து, இதற்கு ஒரு பேர் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது என்று சொல்லி மனநல மருத்துவர் தாமரைச்செல்வியிடம் கூட்டிப்போனாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். கூடவே, க்ளினிக் மாடிப்படியில் பஹீமாவை மேலும் கீழும் ஓடவிட்டார். அவள் மூச்சிரைக்க வந்து நின்றதும், "இப்பவும் நெஞ்சு அப்படித்தானே அடிக்குது? செத்தா போயிட்டீங்க?" என்று கேட்டார். "இதுக்குப் பேர் பேனிக் அட்டாக். திருடன் வராமலே குரைக்கிற நாய் மாதிரி. சத்தம்தான் பெருசு. கடிக்காது."

அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பஹீமா தன் ஊரைத் திரும்பப் பிடித்தாள். தெருமுனைக் கடை, மார்க்கெட், கடைசியில் பாலம். வகுப்பை மறுபடியும் ஆரம்பித்தாள். பயம் வருவது குறைந்து, ஒரு கட்டத்தில் வராமலே போயிற்று. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் சுகமாகக் கழிந்தன. ஒழிந்தது சனியன் என்று நினைத்தாள். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டாள், பிறகு அதையும் விட்டாள். டாக்டரிடம் சொல்லவில்லை. நல்லாத்தானே இருக்கிறோம், எதற்குச் சொல்வானேன்?

அப்போது அவளிடம் பழகிக்கொண்டிருந்தவர்களில் கமலாம்பாள் ஒருத்தர். பாலத்துக்கு அந்தப் பக்கம் நிரவிக்காரர், பால்வாடியில் வேலை. ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச காலமே இருக்கும்போது வண்டி பழக வந்திருந்தார். "எங்க ஊட்டுக்காரர் ஓட்டுறப்பல்லாம் பின்னால உக்காந்து உக்காந்து எனக்கு முதுகுவலி டீச்சர். இனிமே அவரு பின்னால உக்காரட்டும்" என்பார். ஒழுங்காக ஓட்டினார். ஒரே ஒரு குறை, பிரேக் பிடிக்கச் சொன்னால் காலை ஊன்றுவார்.

கமலாம்பாள் முதல் தடவையாகப் பாலம் கடக்கும் நாள் வந்தது. அவர் ஓட்ட, பஹீமா பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாலத்தில் ஏறினார்கள். துறைமுகத்துப் பக்கமிருந்து பெரிய லாரி ஒன்று எதிரில் வந்தது. அது கடந்தபோது பாலம் லேசாக அதிர்ந்தது. அந்த அதிர்வு பஹீமாவின் வயிற்றில் ஏறி நெஞ்சுக்கு வந்தது. அடுத்த நிமிஷம் விரல்கள் மரத்தன. திரும்பி வந்துவிட்டது. இத்தனை நாளும் எங்கேயும் போகாமல் இந்தப் பாலத்திலேயே உட்கார்ந்திருந்ததுபோல் வந்துவிட்டது.

"அக்கா, ஓரமா நிறுத்துங்க."

கமலாம்பாள் நிறுத்தினார். பஹீமா இறங்கி, கைப்பிடிச் சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஹெல்மெட்டைப் பிடுங்கினார்கள். யாரோ வலிப்பு என்றார்கள், உடனே ஒரு சாவிக்கொத்து அவள் கைக்குள் திணிக்கப்பட்டது. இன்னொருவர் சோடாவை உடைத்து முகத்தில் தெளித்தார். "வலிப்பு இல்லைங்க" என்று சொல்ல வாயெடுத்தாள், சோடாதான் வாய்க்குள் போயிற்று. ஒருவன் போனை உயரத் தூக்கி வீடியோ படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் படபடப்பு அடங்கியது. எப்போதும் அடங்கத்தான் செய்யும். ஆனால் அதற்குள் சாதிக் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் படம் கைமாறிக் கைமாறி அதற்கு முன்னாலேயே குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் பஹீமாவைக் காரில் ஏற்றினார். கமலாம்பாளிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஸ்கூட்டியின் சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று ராத்திரி ரஃபீக் ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். "போதும் பஹீமா. யாருக்காக இந்த அலைச்சல்? வீட்டுல இரு. ஒடம்பைப் பாத்துக்க." அவன் முகத்தில் நிஜமான கலக்கம் இருந்தது.

"யாரும் ஒன்னை அடைச்சு வைக்கல" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாதிக். "எங்க போவணும்னாலும் சொல்லு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன். நடுப்பாலத்துல விழுந்து கெடந்தியே, லாரி ஏறியிருந்தா?"

"விழல நானா. உக்காந்திருந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றாள். ஆனால் குரலில் உரம் இல்லை. உள்ளே அவளுக்கும் ரெண்டும் ஒன்றாகத்தான் தோன்றியது. இவ்வளவு நாள் மாடிப்படி ஏறி இறங்கியதெல்லாம் வீண். முதலில் இருந்த இடத்திலேயே வந்து நிற்கிறோம். இல்லை, முன்னைவிட மோசம். முன்னேயாவது இது ஒரு நாள் போய்விடும் என்ற நம்பிக்கை இருந்தது.

படுத்துவிட்டாள். தெருமுனைக் கடைக்குக்கூடப் போகவில்லை. உம்மாவுக்கு ஒரு பக்கம் கவலை, இன்னொரு பக்கம் நிம்மதி. மகள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறாளே. இஞ்சி தட்டிப்போட்ட கஞ்சி, ஆட்டுக்கால் சூப் என்று வேளைக்கு ஒன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார். பழகிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் வரவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். ஒருத்தியின் புருஷன் போனிலேயே சொன்னான்: "தப்பா நினைக்காதீங்க, ஒங்களுக்கே வலிப்பு இருக்கு. நீங்க எப்படி இன்னொருத்தருக்கு..." பஹீமா போனை வைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கமலாம்பாளும் கூப்பிட்டார். பஹீமா எடுக்கவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டார். கடைசியில் எடுத்தாள், அவரும் வகுப்புக்கு வரவில்லை என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே.

"டீச்சர், ஒடம்பு எப்படி இருக்கு?"

"பரவால்லக்கா."

"ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்க நிறுத்துங்கன்னதும் நிறுத்துனேன்ல. காலை ஊனவே இல்ல டீச்சர், பிரேக்காலதான் நிறுத்துனேன். பாத்தீங்களா? நல்லா நிறுத்துனேனா?"

பஹீமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுத்த நாளிலிருந்து முதல் தடவையாக வந்த சிரிப்பு. அன்று பின்னால் உட்கார்ந்து உயிர் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவளிடம் வந்து கேட்கிற கேள்வியா இது? யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஓரமாக நின்றது.

"நல்லாவே நிறுத்துனீங்கக்கா."

"அப்ப அடுத்த கிளாஸ் எப்போ?"

போனை வைத்தாள். எழுந்து உட்கார்ந்தாள். டாக்டருக்குப் போன் செய்தாள்.

டாக்டரிடம் சாதிக்தான் காரில் கூட்டிப்போனார். உள்ளேயும் கூடவே வந்து, அவளுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வண்டி ஓட்டக் கூடாதுன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க டாக்டர், நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குறா" என்றார். டாக்டர் அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். கதவு சாத்தியதும், "மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். பஹீமா உண்மையைச் சொன்னாள். டாக்டருக்குக் கோபம் வந்தது. மறைக்காமலே காட்டினார். என்னிடம் கேட்டிருந்தால் மெதுவாகக் குறைத்திருப்பேனே, நீங்களாக நிறுத்தலாமா என்று நன்றாக ஏசினார். பஹீமா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

"சரி, பாலத்துக்கு வருவோம். வந்துச்சு, உக்காந்தீங்க, போயிடுச்சு. அப்புறம்?"

"நானா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"பாலத்துல மீதி?"

"மீதின்னா?"

"நிரவிப் பக்கம் போகத்தானே கிளம்பினீங்க? போனீங்களா?"

"இல்ல."

"அது வந்தது பெரிய விஷயம் இல்லைங்க. இனிமேயும் வரலாம். வந்ததும் வீட்டுக்குத் திரும்புனீங்க, அதுலேருந்து வீட்டுலயே இருக்கீங்க. அதுதான் விஷயம்."

"அப்ப மொதல்லேருந்து ஆரம்பிக்கணுமா டாக்டர்?"

"எதுக்கு? உங்ககிட்ட ஓட்டிப் பழகுனவங்க ஒரு நாள் கீழ விழுந்தா என்ன சொல்வீங்க?"

"கண்ணு எங்க இருந்துச்சுன்னு திட்டுவேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: "திட்டிட்டு, மறுபடி ஏறச் சொல்வீங்கள்ல? அதைத்தான் நானும் சொல்றேன். மாத்திரையைத் திரும்ப எடுங்க. மொதல்ல நடந்து போங்க, வண்டி அப்புறம். நான் சொல்ற வரைக்கும் யாரையும் பின்னால ஏத்தாதீங்க, நீங்களும் யாருக்குப் பின்னாலயும் உக்காராதீங்க. இன்னொண்ணு, அதோட மல்லுக்கட்டாதீங்க. மல்லுக்கட்டினா அது இன்னும் துள்ளும்."

"மல்லுக்கட்டாம பின்ன என்ன செய்யிறது? சும்மா விடச் சொல்றீங்களா?"

"கத்தட்டும்னு விடுங்க. அது சொல்ற பேச்சை மட்டும் கேக்காதீங்க. திரும்பிப் போன்னு அது சொல்லும். நீங்க முன்னால போங்க."

இந்தப் பேச்சு பஹீமாவுக்குப் பிடித்திருந்தது. யார் பேச்சையும் கேட்காமல் இருப்பது அவளுக்குக் கைவந்த காரியம்.

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு, உம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துக் கிளம்பினாள். கைப்பையில் எப்போதும் தண்ணீர் பாட்டிலும் அவசர மாத்திரையும் இருக்கும். இன்றைக்கு அந்தத் துணையும் வேண்டாம் என்று பையைக் கொடியிலேயே மாட்டிவிட்டு, கொஞ்சம் சில்லறையை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தாள். பாலத்தின் தொடக்கத்திலேயே தொண்டை வறண்டது. ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. படகு ஒன்று முகத்துவாரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நடுவுக்கு வந்தாள், அன்றைக்கு உட்கார்ந்த அதே இடம். சோடா பாட்டிலின் உடைந்த சில் ஒன்றுகூடக் கிடந்தது. வந்துவிட்டது. நெஞ்சு, விரல், மூச்சு, எல்லாம் வரிசையாக. திரும்பிப் போ, ஓடிப் போ, மௌத்தாகப் போகிறாய் என்றது. பஹீமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தலையில் மீன் கூடையோடு நிரவிப் பக்கம் போய்க்கொண்டிருந்த காசியம்மா நின்றார். கிளிஞ்சல்மேட்டுக்காரர், தெருத்தெருவாக மீன் விற்பவர், பஹீமாவுக்கு முகப்பழக்கம்.

"என்னா புள்ள, மயக்கமா? ஆட்டோ பிடிக்கட்டா?"

எப்போதும் "லேசா தலைசுத்தல்" என்றுதான் சொல்லுவாள். இந்தத் தடவை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

"மயக்கமில்லைங்க. பயம் வந்திருக்கு."

"எதைப் பாத்து?"

"எதையும் பாத்து இல்ல. சும்மா வரும். கொஞ்ச நேரத்துல போயிடும்."

"சும்மாவா வரும்?" காசியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நான் போவட்டா? மீனு கெட்டுப் போயிடும்."

"போங்க போங்க."

அவர் பாட்டுக்குப் போய்விட்டார். உலகம் நின்றுவிடவில்லை. பயம் வந்திருக்கிறது என்று ஒருத்தரிடம் வாய்விட்டுச் சொல்லியாயிற்று, அவருக்கு மீன்தான் பெரிதாகப் போயிற்று. பஹீமாவுக்கு அதில் ஒரு தெம்பு வந்தது. நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அடித்துக்கொள் என்று விட்டுவிட்டு ஒரு கால் எடுத்து வைத்தாள். பிறகு இன்னொன்று. மீதிப் பாலத்தை நடந்தே முடித்தாள். அந்தக் கரையில் கொடியேற்றம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு டீக்கடை இருந்தது. டீ வாங்கிக் குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பினாள். உம்மா வாசலில் நின்று அழுதுகொண்டே ஏசினார். "ஏன் உம்மா, நான் செத்தா போயிட்டேன்? பாலத்துக்குப் போயிட்டு வந்தேன்" என்றாள்.

அன்றிலிருந்து சாயங்காலந்தோறும் நடந்தாள். சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. வராத நாளைவிட வந்த நாள் நடந்து முடிப்பதுதான் கணக்கில் சேரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாள் பாதி தூரம் வந்தும் ஒன்றுமே நடக்காமல் போனபோது, "என்னா, இன்னிக்கு லீவா?" என்று அவளே கேட்டுவிட்டாள். பக்கத்தில் சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

இதற்கிடையில் குடும்ப வாட்ஸப் குழுவில் அந்தப் படம் ஓய்ந்தபாடில்லை. பாவம் என்று ஒருவர், கெட்ட காற்று என்று ஒருவர், புருஷன் வெளிநாட்டில் இருந்தால் இப்படித்தான் என்று ஒரு பெரியவர். பஹீமாவும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள் என்பதை எல்லோரும் மறந்துவிட்டுப் பேசினார்கள். ஒரு நாள் மத்தியானம் அவள் போனை வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். அந்த வீடியோல இருக்கறது நான்தான். வலிப்பு இல்ல, காத்து இல்ல, கண்ணேறு இல்ல. பேனிக் அட்டாக்குன்னு பேரு. ஒடம்பு பொய்யா அபாய மணி அடிக்கும், கொஞ்ச நேரத்துல நின்னுடும். வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கேன். மாத்திரையை டாக்டரைக் கேக்காம நானே நிறுத்தினேன், அது என் தப்பு. அதுக்காக நான் வீட்டுல உக்காரப் போறதில்ல. யாராச்சும் ஏதாவது கேக்கணும்னா என்கிட்ட கேளுங்க. அந்தப் படத்தை எடுத்த புண்ணியவான், அந்த நேரம் கூட்டத்தைக் கொஞ்சம் விலக்கி விட்டிருக்கலாம்."

அனுப்பிவிட்டாள். ரஃபீக்தான் முதலில் கூப்பிட்டான்.

"இதையெல்லாம் எல்லார்கிட்டயும் சொல்லணுமா?"

"வீடியோவை எல்லாரும் பாத்தாங்கள்ல மச்சான்? வெவரத்தையும் எல்லாரும் கேக்கட்டும்."

"எனக்கு இங்கே இருந்துக்கிட்டு ஒண்ணும் செய்ய முடியலையேன்னு இருக்கு" என்றான். "செய்யலாமே. என்னை வீட்டுல இருன்னு சொல்லாம இருங்க" என்றாள்.

குழு அமைதியாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து நூருல் அமீன் மாமு போன் செய்தார். துணிக்கடை முதலாளி, குடும்பத்தில் பெரிய தலை, கெட்ட காற்று என்று எழுதியவர் அவர்தான். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, "அந்த டாக்டரம்மா எந்தத் தெருவுல இருக்காங்க புள்ள? தெரிஞ்சவர் ஒருத்தருக்குக் கேக்குறேன்" என்றார். பஹீமா தெருவைச் சொன்னாள். தெரிஞ்சவர் யார் என்று கேட்கவில்லை.

மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்த பிறகு, டாக்டர் தனியாக வண்டி ஓட்டலாம் என்று சொன்ன அன்றைக்கே, பாரதியார் சாலையில் சாதிக்கின் ஹார்டுவேர் கடைக்குப் போய் நின்றாள்.

"சாவி வேணும் நானா."

"பாக்கலாம். நாளைக்கு வா."

"இல்ல, இருக்கேன். நீங்க வேலையைப் பாருங்க."

ஆணி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். வியாபாரம் நடக்கும் நேரம். பெயிண்ட் வாங்க வந்தவர் ஒருவர், தெரிந்த முகமாக இருக்கிறதே என்று, "என்னம்மா, இங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். "என் வண்டிச் சாவி நானாகிட்ட இருக்கு. வாங்கிட்டுப் போகலாம்னு உக்காந்திருக்கேன்" என்றாள் சத்தமாக. பெயிண்ட்காரர் சாதிக்கைப் பார்த்தார். அடுத்து பி.வி.சி. குழாய் வாங்க வந்தவரும் கேட்டார். அவரிடமும் அதையே சொன்னாள். கடைப் பையன்கள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாவதாக ஒரு ஹெட்மாஸ்டர் உள்ளே வருவதைப் பார்த்ததும் சாதிக் கல்லாவைத் திறந்து சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"சாவியைப் பிடுங்கி வச்சுக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா? அன்னிக்கு ஒன்னை அந்தத் தரையில பாத்ததுலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல பஹீமா." அவர் குரல் இறங்கியிருந்தது. "இனிமே ஏதாச்சும் ஆச்சுன்னா என்கிட்ட வந்து நிக்காதே."

"வந்துதான் நிப்பேன். வேற யார்கிட்ட போவேன்?" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

முதல் சில வாரம் தனியாகவே ஓட்டினாள். பாலத்தில் படபடப்பு தொடங்கினால் ஓரமாக நிறுத்தி, அடங்கும்வரை இருந்துவிட்டு, திரும்பாமல் முன்னாலேயே போனாள். டாக்டர் சரி என்ற பிறகுதான் வகுப்பு. பழக வருகிறவர்களிடம் முதல் நாளே விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டாள். "எனக்கு இந்த மாதிரி ஒண்ணு எப்பயாவது வரும். வந்தா ஓரமா நின்னுடுவேன். ஒத்துவந்தா பழகுங்க, இல்லைன்னா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன்." சிலர் யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள், வரவே இல்லை. பஹீமாவுக்கு அது வலிக்கத்தான் செய்தது. மற்றவர்கள் தங்கினார்கள். கமலாம்பாள் பாலத்தைத் தாண்டி நிரவிக்கு ஓட்டிப்போய், வீட்டு வாசலில் புருஷனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தெருவை ஒரு சுற்று வந்தார். காலை ஊன்றாமல்தான் நிறுத்தினார்.

போன மாதம் மறுபடியும் வந்தது. பாலத்தில் இல்லை, கடற்கரைச் சாலையில், வகுப்புக்கு நடுவில். அம்பகரத்தூரிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு கல்லூரிப் பெண் எட்டு போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள், இன்னும் இரண்டு பேர் முறைக்காகக் காத்திருந்தார்கள். பஹீமாவுக்கு விரல் மரத்தது. "எனக்கு வந்திருக்கு. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஓரத்துக் கல்லில் போய் உட்கார்ந்தாள். காத்திருந்தவர்களில் ஒருத்தி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். நெற்றியில் வேர்வை வழிந்தது. மூச்சு மேலும் கீழும் இழுத்தது. அந்தப் பெண் வளைவில் திரும்பும்போது தலையைக் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தாள். வண்டி ஆடியது.

பஹீமா உட்கார்ந்த இடத்திலிருந்தே, பாதி மூச்சில், கடலுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏய் புள்ள! ரோட்டைப் பாரு!"